குவாலியில் உடைந்த நண்டு கேக்

நண்டுச் சதையைத் தட்டிப் பொரிக்கும் நண்டு கேக்கைக் குவாலியில் (வாணலியில்) திருப்பும்போது அது பிளந்துகொண்டே இருந்தது. முட்டையைக் கூட்டினேன், ரப்பர் மாதிரி ஆனது. குற்றம் முட்டையில் இல்லை, தண்ணீரில். சூட்டில் அது ஆவியாகி உருண்டையைப் பிளந்துவிடும்.

தெலுக் இந்தான் பாசாரில் வாங்கும் பூநண்டு 1 கிலோவுக்குச் சதை 250 கிராம் தேறினாலே நல்லது. 12 நிமிடம் ஆவியில் வைத்து, ஓட்டைக் கழற்றி, சாய்த்து நீர் வடித்து, ஆறியபின்தான் சதை எடுக்க வேண்டும். எடுத்ததைச் சில்வர் தட்டில் சிறிது சிறிதாக உதறுங்கள். ஓட்டுத் துண்டு இருந்தால் 'டிக்' என்று சத்தம் கேட்கும். பிறகு மெல்லிய துணியில் கட்டி, நாரைச் சிதைக்காமல் லேசாகப் பிழியுங்கள்.

வெங்காயத்தைப் பச்சையாகப் போடாதீர்கள், அதுவும் நீர் விடும். வதக்கி ஆறவிட்டுச் சேருங்கள். 250 கிராம் சதைக்கு 1 முட்டை, 2 மேசைக்கரண்டி மயோனைஸ், பொடித்த கிரீம் கிராக்கர் 35 கிராம், கொஞ்சம் டவுன் சுப் (செலரி இலை), ஒரு சில்லி பாடி (காந்தாரி போன்ற சிறு மிளகாய்). உருளைக்கிழங்கு வேண்டாம், போட்டால் அது கட்லெட்.

2 சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, ஐஸ் பெட்டியில் 1 மணி நேரம். இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு 4 நிமிடம். ஓரம் பொன்னிறமாகும்வரை கரண்டி படக்கூடாது. கஸ்தூரி எலுமிச்சையைத் தட்டில் வைத்தபின் பிழியுங்கள்.