கொன்ட்ரோல்-டி அழுத்தியும் நிற்காத சி புரோகிராம்

கொக்குவிலில் ஒரு அண்ணையின் கடைக்கு, பொருட்களைத் தட்டச்சிட்டுப் பதியும் சி புரோகிராம். பழைய லேப்டொப்பில் ஒழுங்காக ஓடியது. ஆர்ம் சிப் உள்ள சின்ன லினக்ஸ் போர்டில் கொம்பைல் செய்ததும், கொன்ட்ரோல்-டி (உள்ளீடு முடிந்தது என்று சொல்லும் விசைகள்) அழுத்தினால் முடிவதற்குப் பதிலாகத் திரை முழுக்கக் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாக ஓடத் தொடங்கியது.

"தம்பி, கீபோர்ட் பழுதாக்கும்" என்றார் அண்ணை. வேறு கீபோர்ட், டெர்மினல் செட்டிங், எஃப்ஃப்ளஷ் (தேங்கி நிற்பதை வெளியேற்றும் சி ஃபங்ஷன்), ஒன்றும் சரிவரவில்லை. (உள்ளீட்டுக்கு எஃப்ஃப்ளஷ் போட்டால் என்ன நடக்கும் என்று சி தரம் வரையறுக்கவே இல்லை. ஆனாலும் எல்லோரும் போடுகிறார்கள்.)

அப்புறம் கெட்சார் (உள்ளீட்டை ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கும் சி ஃபங்ஷன்) வாங்கியதை எழுத்தாக இல்லாமல் எண்ணாக அச்சிட்டுப் பார்த்தேன். 255! உள்ளீடு முடிந்தால் -1 அல்லவா வரவேண்டும்?

கெட்சார் தருவது இன்ட், அதாவது முழு எண் வகை. புரோகிராம் அதைச் சார் எனும் ஒரு பைட் மாறியில் வாங்குகிறது. இன்டெல் லினக்ஸில் சார் -128 முதல் 127 வரை, அதனால் -1 மாறாமல் தப்பிவிடும். ஆர்ம் லினக்ஸில் 0 முதல் 255 வரை. -1 உள்ளே போனதும் 255 ஆகிவிடும், முடிவுச் சோதனை ஒருநாளும் பொருந்தாது.

மாறியை இன்ட் ஆக்கினேன், நின்றது. அப்பாடா!

சாரைக் குறியுள்ளதாக (கழித்தல் எண்ணும் ஏற்பதாக) மாற்றும் கொம்பைலர் விருப்பமும் உண்டு. அதை நம்பவேண்டாம்: உள்ளீட்டில் 255 என்ற பைட் வந்தால் அது -1 ஆகி, பாதியிலேயே நின்றுவிடும்.