‘நியாயமான கோபம்’ என்று சொல்லித் தப்பிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

சபைக் கூட்டத்தில் ஒருவர் கத்தித் தீர்த்துவிட்டு, அப்புறம் அதற்கு வசனம் தேடினால், முதலில் கைக்கு வருவது, எருசலேம் தேவாலயத்தில் வியாபாரம் செய்தவர்களை இயேசு துரத்திய சம்பவம்தான். “இயேசுவே சவுக்கை எடுத்தாரே, நான் நாலு வார்த்தை பேசக் கூடாதா?”

பேசலாம். கோபம் மொத்தமும் பாவம் என்று வேதம் சொல்லவில்லை. “நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்” என்றுதான் எபேசியர் 4:26 சொல்கிறது. ஆனால் தேவாலயச் சம்பவத்தை முழுசாக வாசிக்க வேண்டும். மாற்கு 11ஆம் அதிகாரத்தின்படி இயேசு முந்தின நாளே தேவாலயத்துக்குள் போய் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, சாயங்காலமானதும் பெத்தானியாவுக்குப் போய்விடுகிறார். மேசைகள் கவிழ்ந்தது மறுநாள். கண்டதும் பொங்கிய கோபம் அல்ல அது. மத்தேயு 21:14 இன்னொன்றும் சொல்கிறது: காசுக்காரர்களின் மேசைகளைக் கவிழ்த்தபின், குருடரும் சப்பாணிகளும் அதே இடத்தில் அவரிடம் வருகிறார்கள். பிள்ளைகள் ஓசன்னா என்று ஆர்ப்பரிக்கிறார்கள். நாம் கத்தி முடித்த பிறகு நம் பக்கத்தில் வர யாருக்குத் துணிச்சல் இருக்கிறது? வீட்டுப் பிள்ளை கதவோரமாக நழுவிப் போகிறது என்றால், தேவாலயச் சம்பவத்தைத் துணைக்கு இழுக்காமல் இருப்பது நல்லது.

அடுத்த தவறு, காரணம் சரி என்றால் கோபத்தில் செய்ததெல்லாம் சரி என்று நினைப்பது. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. எண்ணாகமம் 20இல் தண்ணீர் இல்லை என்று ஜனங்கள் மோசேயோடு சண்டை போடுகிறார்கள். எத்தனையோ வருஷங்களாக இதே முறுமுறுப்பு. அவருக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. கன்மலையைப் பார்த்துப் பேசு என்று கர்த்தர் சொல்ல, அவரோ “கலகக்காரரே” என்று ஜனங்களைத் திட்டிவிட்டு, கோலால் இரண்டு தரம் அடிக்கிறார். கவனியுங்கள், தண்ணீர் வந்துவிட்டது! ஏராளமாக வந்தது. “நான் சத்தம் போட்டதால்தானே வேலை நடந்தது” என்று நாம் சொல்வோமே, அதே கணக்கு. தண்ணீர் வந்தும், இதனாலேயே மோசே வாக்குத்தத்த தேசமான கானானுக்குள் போகவில்லை. இதே மோசே பொன் கன்றுக்குட்டியைக் கண்டு கற்பலகைகளை உடைத்தபோது அதற்காகக் கண்டிக்கப்பட்டதாக வேதத்தில் இல்லை. மறுநாளே அவர் மலையேறி, இவர்களை மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும் என்று மன்றாடினார். கோபித்த ஜனத்துக்காகவே பரிந்து பேசவும் அவரால் முடிந்தது.

சொந்த நஷ்டத்துக்குக் கர்த்தருடைய பெயரை வைப்பதும் சகஜம். சபை விருந்தான அசனத்தின் நோட்டீஸில் பெயர் விட்டுப்போயிருக்கும். வாட்ஸ்அப் குழுவில் “தேவ நாமம் தூஷிக்கப்படுகிறது” என்று பதிவு வரும். தீர்க்கதரிசி யோனாவுக்கு, தனக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடி காய்ந்ததும் சாகிற அளவுக்கு எரிச்சல் வந்தது. 1,20,000 பேருக்கு மேல் இருந்த நினிவே நகரம் கர்த்தருடைய தண்டனைக்குத் தப்பியதிலும் அவருக்கு எரிச்சல்தான். பெயர் விட்டுப்போனது பக்கத்துத் தெருக்காரருடையதாக இருந்தால் இதே வேகம் வருமா என்று கேட்டுப் பார்த்தால் போதும், பாதி தெளிந்துவிடும்.

இனி, பிரசங்கங்களில் குறைவாகக் கேட்கும் தவறு. கோபப்பட வேண்டிய இடத்தில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, அதைச் சாந்தம் என்று அழைப்பது. 2 சாமுவேல் 13இல் அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுக்கிறான். அவள் தலையில் சாம்பலை வாரிப் போட்டு, உடுத்தியிருந்த பலவர்ண வஸ்திரத்தைக் கிழித்து, அழுதுகொண்டே போகிறாள். அண்ணன் அப்சலோம், அவன் உன் சகோதரன், நீ மவுனமாயிரு என்கிறான். தகப்பன் தாவீது கேள்விப்பட்டு “வெகு கோபமாயிருந்தான்.” அவ்வளவுதான், அதற்கு மேல் அவன் எதுவும் செய்ததாக எழுதப்படவில்லை. ராஜா அவன், நியாயம் விசாரிப்பது அவன் வேலை. இரண்டு வருஷம் கழித்து, ஆட்டுமயிர் கத்தரிக்கும் விருந்தில் அப்சலோம் அம்னோனைக் கொல்ல வைக்கிறான். தகப்பன் செய்யாத நியாயத்தை மகன் பழியாகச் செய்து முடித்தான்.

அடிபட்டு வந்த பெண்ணிடம் “மன்னிச்சிடும்மா, சபைப் பேர் கெட்டுப்போகும்” என்று சொல்கிற மூப்பர்கள் அப்சலோமின் வசனத்தைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். மன்னிப்பதும் போலீஸில் புகார் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. பாதிக்கப்பட்டது பிள்ளை என்றால் இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். இங்கே கோபம் வரவில்லை என்றால் அதைப் பக்குவம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கோபத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கு எனக்குப் பிடித்த இடம் நெகேமியா 5. ஜனங்கள் நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமைகளாக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். வட்டி வாங்கினவர்கள் சொந்த யூதர்களே. நெகேமியா “மிகவும் கோபங்கொண்டு”, உடனே ஓடிப்போய்க் கத்தவில்லை. தன் மனதிலே ஆலோசனை பண்ணுகிறார். பிறகு பிரபுக்களை முகத்துக்கு நேராகக் கடிந்துகொள்கிறார். பின்னால் போய்ப் புறம்பேசவில்லை. நானும் என் சகோதரரும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம், இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். வாக்குக் கொடுத்தவர்களை ஆசாரியர் முன்னிலையில் ஆணையிடவும் வைக்கிறார். தேசாதிபதியான தனக்கு உரிய படியை அவர் 12 வருஷம் வாங்கவில்லை என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் அவரால் பிரபுக்களைக் கண்டிக்க முடிந்தது.

சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது என்ற எபேசியர் 4:26இன் பின்பாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று ராத்திரிக்குள் பேசித் தீர்த்தே ஆக வேண்டும் என்று பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்து சண்டையைப் பெரிசாக்கும் தம்பதிகள் உண்டு. தணிய வேண்டியது எரிச்சல். பிரச்சினையைக் காலையில் காபி குடித்துவிட்டுப் பேசலாம்.

கடைசியாக, மன்னிப்புக் கேட்கும்போது ‘ஆனா’ போடுவது. “அப்பா கத்தினது தப்பு, ஆனா நீயும் மார்க் குறைச்சு வாங்கினியே…” என்று ஆரம்பித்தால் பிள்ளையின் காதில் விழுவது பின்பாதி மட்டும்தான். பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபமூட்டாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21 தகப்பன்மாருக்குத்தான் சொல்கிறது. கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மார்க் குறைந்ததைப் பற்றி நாளைக்குப் பேசலாம்.