சென்னைச் சிறு வணிகத்துக்கு இணையத் தொடர்பை அமைக்கும் முறை

கூகுள் நிறுவனம், தன் வணிகப் பக்கத்தின் வழியாகக் கடைக்காரர்கள் இலவசமாக அமைத்திருந்த எளிய வலைத்தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. வரைபடத்தில் கடையைத் தேடுபவர் அங்கிருந்தே செய்தி அனுப்பும் வசதியையும் அதே ஆண்டு ஜூலை 31 அன்று எடுத்துவிட்டது. அந்த இலவச வலைத்தளத்தின் முகவரியைப் பில்லிலும் துணிப்பையிலும் அச்சிட்டு வைத்திருந்தவர்களுக்கு அச்சுக்கூலி போனதுதான் மிச்சம். 2025 மே 5 அன்று ஸ்கைப் சேவையும் மூடப்பட்டது. பாரிமுனையில் மொத்த வியாபாரம் செய்பவராயினும், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் தயாரிப்பவராயினும், எந்தச் செயலி சிறந்தது என்று விசாரிப்பதற்கு முன் எது நம் பெயரில் இருக்கிறது, எது பிறர் இடத்தில் வாடகைக்கு இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பெயரில் இருக்க வேண்டியவற்றுள் முதலாவது டொமைன், அதாவது வலைத்தளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் நாம் பதிவு செய்து வைக்கும் இணையப் பெயர். டாட் காம் பெயரும் போதும், டாட் இன் பெயரும் போதும். டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பிடம் தமிழிலேயே அமைந்த ‘.இந்தியா’ பின்னொட்டும் உண்டு. அதை வாங்கி வைப்பதில் தவறில்லை. ஆயினும் மின்னஞ்சலுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் தமிழ் எழுத்து முகவரியை ஏற்காத படிவங்களும் மென்பொருள்களும் இன்னும் பல உள்ளன. பெயரைத் தேர்ந்தெடுப்பதைவிட அது யார் கணக்கில் பதிவாகிறது என்பது முக்கியம். வலைத்தளம் செய்து தரும் இளைஞர் தம் மின்னஞ்சலிலேயே டொமைனையும் வாங்கித் தருவது இங்கே சர்வ சாதாரணம். அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டால் புதுப்பிக்கும் அறிவிப்பும் ஓடிபியும் அவருக்கே போகும். ஆகவே பதிவு உரிமையாளரின் பெயரிலும், அவருடைய கைபேசி எண்ணிலும், அந்த டொமைனைச் சாராத வேறொரு மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். அதே டொமைனின் மின்னஞ்சலைக் கொடுத்தால், டொமைன் காலாவதியாகும் நாளில் மின்னஞ்சலும் நின்று, மீட்கும் வழியும் அடைபடும். டாட் காம் பெயர் நீக்கப்பட்ட பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு என்றாலும், அதற்கான கட்டணம் வழக்கமான புதுப்பிப்புக் கட்டணத்தைவிடப் பல மடங்கு இருக்கக்கூடும். சில ஆண்டுகளுக்குச் சேர்த்துப் புதுப்பித்துவிடுவது நல்லது.

அடுத்தது அந்த டொமைனில் மின்னஞ்சல். கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, சென்னையைச் சேர்ந்த ஸோஹோவின் மெயில் ஆகிய மூன்றில் எதுவும் சிறு நிறுவனத்துக்குப் போதுமானது. 1996-இல் தொடங்கிய ஸோஹோவைப் பற்றி உள்ளூர்ப் பெருமை இருப்பது இயல்பு. ஆனால் முடிவு செய்யும்போது கணக்கர் எந்த மென்பொருளில் வேலை செய்கிறார், ஒரு பயனருக்கு மாதக் கட்டணம் எவ்வளவு ஆகிறது என்பவற்றைப் பார்த்தால் போதும். முகவரிகளை ஆட்களின் பெயரில் அமைப்பதோடு நில்லாமல், விற்பனைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று எனப் பொறுப்பின் பெயரிலும் அமைக்க வேண்டும். ஆள் மாறினாலும் முகவரி மாறாது.

அதன் பின் வரும் வேலையைத்தான் பலர் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில், அதாவது அந்தப் பெயருக்கான இணைய அமைப்புகளைக் குறித்து வைக்கும் பக்கத்தில், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளைச் சேர்க்க வேண்டும். இந்த டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்பதை எஸ்பிஎஃப் சொல்கிறது. டிகேஐஎம் ஒவ்வோர் அஞ்சலிலும் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறது. இவற்றில் தேறாத அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவரின் சர்வருக்கு டிமார்க் அறிவுறுத்துகிறது. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000-க்கு மேல் அஞ்சல் அனுப்புவோர் இம்மூன்றையும் வைத்திருக்க வேண்டும், ஸ்பாம் எனப் புகாராகும் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்று கூகுள் விதித்தது. குறைவாக அனுப்புவோரும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு முப்பது இன்வாய்ஸ் அனுப்பும் கடையும் மூன்றையும் அமைப்பதே உத்தமம். இல்லையெனில் அனுப்பிய இன்வாய்ஸ் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும். பணம் ஏன் வரவில்லை என்று நாம் கேட்டுக்கொண்டிருப்போம்.

இதில் இரண்டு கண்ணிகள் உள்ளன. ஒரு டொமைனுக்கு ஒரே ஓர் எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். மின்னஞ்சல் நிறுவனம் ஒன்று, பில்லிங் மென்பொருள் ஒன்று, விளம்பர அஞ்சல் சேவை ஒன்று என மூவரும் தத்தம் பதிவைச் சேர்க்கச் சொல்லும்போது தனித்தனியாகச் சேர்த்தால் சோதனையே பிழையாகி முடியும், ஆகையால் அனைத்தையும் ஒரே வரியில் இணைக்க வேண்டும். அந்த வரியைச் சரிபார்க்க நடக்கும் டிஎன்எஸ் தேடல்களும் 10-ஐத் தாண்டக் கூடாது. டிமார்க் கொள்கையை முதலில் எந்த அஞ்சலையும் தடுக்காத ‘நன்’ (none) நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரங்கள் பார்த்து, நம் சொந்த அஞ்சல்கள் யாவும் தேறுகின்றன என்று உறுதியான பிறகே, தேறாதவற்றை ஸ்பாமுக்கு ஒதுக்கும் ‘குவாரன்டைன்’ நிலைக்கு உயர்த்த வேண்டும். சோதிப்பது எளிது. ஜிமெயில் கணக்கு ஒன்றுக்கு ஓர் அஞ்சல் அனுப்பி, கணினியில் அதைத் திறந்து, மெனுவிலிருந்து அதன் மூல வடிவத்தைக் காட்டச் சொன்னால், மூன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ என்று இருக்கிறதா எனப் பார்த்துவிடலாம்.

இவ்வளவும் செய்தாலும் எல்லா மோசடியும் நின்றுவிடாது. நம்மோடு வணிகம் செய்பவரின் மின்னஞ்சலுக்குள் ஒருவன் புகுந்துவிட்டால், “வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்குப் பணம் அனுப்பவும்” என்ற அஞ்சல் அவருடைய உண்மையான முகவரியிலிருந்தே வரும். கணக்கு எண் மாற்றம் எதுவாயினும், அஞ்சலில் உள்ள எண்ணை விடுத்து ஏற்கெனவே நம்மிடம் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும் என்பதை அலுவலக விதியாக்க வேண்டும். பணம் போய்விட்டால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மீட்கும் வாய்ப்பு குறையும்.

வாடிக்கையாளர் அன்றாடம் பேசும் இடம் என்னவோ வாட்ஸ்ஆப்தான். வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலி சிறு கடைக்குப் போதும். அதை ஊழியரின் சொந்த சிம்மில் தொடங்கக் கூடாது. 044 எனத் தொடங்கும் கடையின் தரைவழி எண்ணிலேயே, குரல் அழைப்பு மூலம் குறியீட்டைப் பெற்றுத் தொடங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பலகையிலும் பில்லிலும் ஏற்கெனவே உள்ள எண்ணாக அது இருப்பது கூடுதல் வசதி. தொடங்கிய அன்றே இரண்டு படிச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் அமைத்துவிட வேண்டும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கே அச்செய்தி போய்ச் சேரும்.

செயலி போதாமல் ஏபிஐ வழிக்கு, அதாவது வாட்ஸ்ஆப்பைத் தம் மென்பொருளோடு இணைத்துச் செய்தி அனுப்பும் முறைக்கு, மாறுபவர்கள் கட்டண முறையைப் படித்துவிட்டு இறங்க வேண்டும். வாடிக்கையாளர் செய்தி அனுப்பியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் வழக்கமான பதில் தரலாம், அதற்குக் கட்டணமில்லை. அந்த நேரம் கடந்தால் முன்அனுமதி பெற்ற டெம்ப்ளேட் என்னும் செய்தி மாதிரி மட்டுமே செல்லும். 2025 ஜூலை 1 முதல் உரையாடலுக்கு ஒரு கட்டணம் என்ற பழைய முறை போய், சென்றடையும் டெம்ப்ளேட் செய்தி ஒவ்வொன்றுக்கும் கட்டணம் என்ற முறை வந்துள்ளது. தீபாவளித் தள்ளுபடிச் செய்தியைப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் தட்டிவிடும் பழக்கம் இதனால் செலவு மிகுந்ததாகிறது. வாங்கக்கூடியவரை மட்டும் பிரித்து அனுப்புவது பணத்துக்கும் நல்லது, பெயருக்கும் நல்லது.

எஸ்எம்எஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைகளின்படி, தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் டிஎல்டி எனப்படும் பதிவுத் தளத்தில் நிறுவனத்தையும், அனுப்புநர் பெயரையும், செய்தி வாசகத்தையும் பதிவு செய்யாமல் வணிகச் செய்தி அனுப்ப முடியாது. 2024 அக்டோபர் 1 முதல் செய்தியில் வரும் இணைய இணைப்பையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஓடிபி, டெலிவரித் தகவல் ஆகியவற்றுக்கு இந்த உழைப்பு தகும். விளம்பரத்துக்குத் தகாது என்பது என் கருத்து.

2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்ஆப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. சென்னைக்கு அதைவிட நெருக்கமான ஆபத்து வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மின்சாரம் போய், கைபேசித் தொடர்பும் பல பகுதிகளில் அற்றுப்போனது. ஆகவே இரண்டு நிறுவனங்களின் இணைப்பை வைத்துக்கொள்ளும்போது, இரண்டு ஃபைபர்களும் ஒரே கம்பத்தில் வருகின்றனவா என்று கேட்டு, வருமாயின் ஒன்றைக் கைபேசி இணைப்பாக மாற்றிக்கொள்வது நல்லது. வாடிக்கையாளர் பட்டியலை வாரந்தோறும் தரவிறக்கி, கடைக்கு வெளியே ஓரிடத்தில் வைக்க வேண்டும். இவற்றைச் செப்டம்பரிலேயே சரிபார்த்துவிட வேண்டும். அக்டோபர் பிறந்தால் பண்டிகை வியாபாரத்தில் யாருக்கும் நேரமிருக்காது.

இணையத் துறைச் செய்திகளை நாள்தோறும் படிக்க வேண்டிய அவசியமில்லை. மாதத்தில் ஒரு நாள், நாம் பணம் கட்டும் சேவைகளின் அறிவிப்புப் பக்கங்களையும், டிராயின் செய்திக் குறிப்புகளையும், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தரும் எச்சரிக்கைகளையும் பார்த்தால் போதும். படிக்கும்போது, இது எந்தத் தேதியில் நடைமுறைக்கு வருகிறது, நம் செலவையோ முகவரியையோ தரவையோ தொடுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பரில் ஸோஹோவின் ‘அரட்டை’ என்ற செய்திச் செயலி திடீரெனப் பரபரப்பானபோது, கடையை அங்கே மாற்றலாமா என்று கேட்டவர்கள் உண்டு; அத்தகைய செய்திக்கு வாடிக்கையாளர் அங்கே இருக்கிறாரா என்பதே விடை. கணக்கு ஒன்று தொடங்கிப் பெயரைப் பிடித்து வைக்கலாம், அவசரப்பட்டு இருப்பதை விட வேண்டாம். அதே ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் அப்படி ஒதுக்கத்தக்கவை அல்ல; 2023-இல் நிறைவேறிய சட்டத்தின் முக்கியக் கடமைகள் அறிவிப்பிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன. பில் போடும் இடத்தில் கைபேசி எண் கேட்பது தி.நகர்க் கடைகளில் வழக்கமாகிவிட்ட நிலையில், எதற்காக எண் வாங்கினோம், எந்தத் தேதியில் சம்மதம் தந்தார் என்ற இரண்டு விவரங்களை இப்போதே பட்டியலில் சேர்த்து, வேண்டாம் என்றவரின் எண்ணை நீக்கத் தொடங்கிவிடலாம்.

இந்தப் பொறுப்புகளை ஒருவரிடம் ஒப்படைத்தால், இன்னொருவருக்கும் கடவுச்சொற்கள் இருக்குமிடம் தெரிந்திருக்க வேண்டும். ஊழியர் விலகும் நாளில் கணக்குத் தீர்ப்பதற்கு முன்பே, வாட்ஸ்ஆப்பில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலிலிருந்து அவருடைய கணினியை நீக்கி, மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, அவர் முகவரிக்கு வரும் அஞ்சல்களை உரிமையாளருக்குத் திருப்பிவிட வேண்டும்.