தடுக்கிறவரைத் தேடுங்கள், காத்திருப்பவரை அல்ல

சம்பளத்துக்கு முந்தின நாள், தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் (வேலைநாள், சம்பளப் பதிவு) திரை உறைந்து நிற்கும். அந்தி நிறுவைக் கொழுந்தைப் பதிகிறவரும் 'சேமி'யை அழுத்திவிட்டுக் காத்திருப்பார். உடனே அதிக நேரமாக நிற்கும் குவெரியை (டேட்டாபேஸுக்கு அனுப்பிய கட்டளையை) தேடி நிறுத்துகிறார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் அந்த குவெரி பெரும்பாலும் ஓடுவதே இல்லை, பூட்டுக்காக, அதாவது அதே தரவை இன்னொருவர் விடுவிப்பதற்காக, காத்துக் கிடக்கிறது. அதை நிறுத்தினால் வரிசையில் ஒன்று குறையும், அவ்வளவுதான். சர்வரையே மறுதொடக்கம் செய்தால் தடயமும் போய்விடும்.

இப்போதைய இணைப்புகளைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் (pg_stat_activity) வெயிட்_ஈவென்ட்_டைப் 'லாக்' என்றிருக்கும் வரிகளை எடுங்கள். அவற்றின் பிஐடியை (இணைப்பின் எண்ணை) பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் (pg_blocking_pids) என்ற செயற்கூறுக்குக் கொடுத்தால் தடுப்பவரின் எண் வரும். அவரும் இன்னொருவருக்காக நிற்கலாம். வெற்றுப் பட்டியல் வரும்வரை தொடருங்கள்.

அப்படிக் கண்டுபிடித்த செஷன் (ஒருவருடைய இணைப்பு) பல நேரம் சும்மாதான் இருக்கும். ஸ்டேட்டில் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்று காட்டும், அதாவது டிரான்சாக்ஷனை (ஒன்றாகப் பதிய வேண்டிய மாற்றங்களை) திறந்துவிட்டுச் சும்மா இருக்கிறது. ஒருவருடைய பேரைத் திருத்தத் திரையைத் திறந்து, கமிட் ஆகாமலே (மாற்றம் நிரந்தரமாகப் பதியாமலே) தேத்தண்ணிக்கு எழும்பிப் போயிருப்பார்கள். (திரை திறந்திருக்கும்வரை டிரான்சாக்ஷனையும் திறந்து வைக்கும் மென்பொருளைத்தான் முதலில் திட்ட வேண்டும்.) இங்கே பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியின் 'குவெரி' பத்தியை (நெடுவரிசையை) நம்பாதீர்கள். அதில் தெரிவது கடைசியாக அனுப்பியது. தரவைப் படிக்கும் வெறும் செலெக்டாகக்கூட இருக்கும். பூட்டைப் போட்டது அதற்கு முந்தைய அப்டேட், தரவை மாற்றும் கட்டளை. எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கக்கூடும் என்று அறிய டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரமான எக்ஸாக்ட்_ஸ்டார்ட்டை (xact_start) பாருங்கள். குவெரியை மட்டும் நிறுத்தும் பிஜி_கேன்சல்_பேக்எண்ட் இதை அசைக்காது, நிறுத்த ஓடுகிற குவெரியே இல்லையே. இணைப்பையே முறிக்கும் பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்தான் வழி. கமிட் ஆகாத திருத்தம் அழிந்துபோகும் என்பதால் ஆளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

'ஒரு பத்தி சேர்ப்பதுதானே' என்று பகலில் டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையை ஓட்டுவது இன்னொரு வினை. வேலை நொடியில் முடியும். ஆனால் அதற்கு முழுப் பூட்டு வேண்டும். அதே டேபிளில் மாத அறிக்கை ஓடினால் அது முடியும்வரை ஆல்டர் நிற்கும், ஆல்டருக்குப் பின்னால் சாதாரண செலெக்டுகளும் நிற்கும். முன்கூட்டியே லாக்_டைம்அவுட்டை (பூட்டுக்காகக் காத்திருக்கும் எல்லையை) 3 செகண்ட் என்று வையுங்கள். தோற்றால் பிறகு மறுபடி ஓட்டலாம்.

டெட்லாக்கை (ஒருவரின் பூட்டுக்காக மற்றவர் என இருவரும் மாறி மாறிக் காத்து நிற்பதை) இதனோடு குழப்ப வேண்டாம். அதை போஸ்ட்கிரெஸ் 1 செகண்ட் பொறுத்துச் சோதித்து, தானே ஒருவரை வெளியேற்றும். சாதாரணத் தடையை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்பவரை வெளியேற்றும் ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட் இயல்பில் 0, அதாவது எல்லையே இல்லை. அதை 5 நிமிடமாக்கி, நீண்ட பூட்டுக் காத்திருப்பைப் பதிவேட்டில் எழுதும் லாக்_லாக்_வெயிட்ஸையும் (log_lock_waits) 'ஆன்' செய்து வையுங்கள்.