மல்லிகைக்குச் சராசரி விலை கிடையாது: திட்ட அறிக்கையில் நிதி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் எம்.பி.ஏ., எம்.காம். படிக்கிற பிள்ளைகள் திட்ட அறிக்கைக்குத் தொழில் தேடினால் பெரும்பாலும் உள்ளூர்த் தொழிலைத்தான் எடுப்பார்கள். அப்பளம், சுங்குடி, அரிசி ஆலை, மல்லிகை. நல்ல விஷயம்தான், நேரில் போய் விசாரிக்க முடியும். ஆனால் அறிக்கையைப் புரட்டினால் விசாரித்த தடமே இருக்காது. என்.பி.வி. (வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தால் மிஞ்சுவது) வாய்பாடு பிசகாமல் இருக்கும். அதற்குள் போட்ட எண்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரியாது. தவறுகளில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

மல்லிகைப் பூவிலிருந்து வாசனைப் பொருள் எடுக்கும் ஆலையைப் பார்ப்போம். 1,000 கிலோ பூவுக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோ ‘கான்கிரீட்’ கிடைக்கும். அந்த மெழுகுப் பதத்துக்குத் தொழிலில் பெயர் அதுதான். பூ கிலோ 200 ரூபாய் என்றால் பூச்செலவு 2 லட்சம். 1,000 ரூபாய் என்றால் 10 லட்சம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இந்த இரண்டு விலையையும் ஒரே வருடத்தில் பார்த்துவிடலாம். கோடையில் வரத்து கொட்டும், விலை இறங்கும். பனிக்காலத்தில் வரத்து சுருங்கும். பொங்கலும் தை முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் விலையைப் பிடிக்க முடியாது.

மாணவர் என்ன செய்கிறார்? பன்னிரண்டு மாத விலையைக் கூட்டிச் சராசரி எடுக்கிறார். ஆலை வருடத்துக்கு 300 நாள் ஓடும் என்றும் போட்டுவிடுகிறார். விலை ஏறிய நாளில் பூ மாலை கட்டவும் தலையில் வைக்கவும்தான் போகும். ஆலைக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. ஆகவே முதல் கேள்வி, பூவை எந்த விலை வரை வாங்கினால் நஷ்டம் இல்லை என்பது. அடுத்தது, அந்த விலையிலோ அதற்குக் கீழோ எத்தனை நாள் பூ கிடைக்கும் என்பது. ஆலை ஓடும் நாட்கள் அவ்வளவுதான். மீதி நாளிலும் வட்டியும் சம்பளமும் போய்க்கொண்டிருக்கும். இந்த ஒரு கணக்கைப் போட்டாலே சில திட்டங்கள் தலைகீழாகிவிடும். இதைக் கேட்க மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போனால் போதும், வியாபாரிகள் தாராளமாகச் சொல்வார்கள்.

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததால் விலை 20 சதவீதம் கூடும் என்று எழுதுவதும் உண்டு. குறியீடு பெயரைக் காக்கும். கூடுதல் விலை தந்தே ஆகவேண்டும் என்று வாங்குபவரை அது கட்டாயப்படுத்தாது.

அடுத்தது நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கவும் கடன் வசூலாகும் வரை தொழிலை ஓட்டவும் தேவைப்படும் பணம். அப்பளத் தொழிலில் இயந்திரத்துக்கு 12 லட்சம், முதல் வருட விற்பனை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உளுந்து ரொக்கத்துக்கு வாங்க வேண்டும். கடைக்காரர் பணம் தர மாதம் ஒன்றாகும். சிறு தொழில்களுக்கு வங்கிகள் பின்பற்றும் நாயக் குழு முறைப்படி விற்பனையில் 25 சதவீதம், அதாவது 15 லட்சம், நடைமுறை மூலதனமாக வேண்டும். அதில் 12 லட்சம் வங்கி, 3 லட்சம் சொந்தப் பணம். இயந்திரத்தைவிட இது பெரிய தொகை! பல அறிக்கைகளில் இது ஒரு வரியாகக்கூட இருப்பதில்லை. விற்பனை 72 லட்சமானால் இன்னும் 3 லட்சம் உள்ளே போக வேண்டும் என்பதும், திட்டம் முடியும்போது அந்தப் பணம் திரும்பும் என்பதும் விட்டுப்போகின்றன.

வட்டியை இரண்டு முறை கழிப்பது பாடம் நன்றாகப் படித்தவர்களும் செய்வது. எளிமைக்காக முழுக்கக் கடனில் 10 லட்சம் முதலீடு, வட்டி 10 சதவீதம், ஒரு வருடத்தில் 11.2 லட்சம் வருகிறது, வரி இல்லை என்போம். இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர 1.10-ஆல் வகுத்தால் 10.18 லட்சம், என்.பி.வி. 18 ஆயிரம் ரூபாய் லாபப் பக்கம். வரவிலிருந்து வட்டி 1 லட்சத்தைக் கழித்துவிட்டு மறுபடியும் 1.10-ஆல் வகுத்தால் 9.27 லட்சம்தான் வரும், என்.பி.வி. 73 ஆயிரம் நஷ்டத்தில் நிற்கும். நல்ல திட்டம் தேறாமல் போகிறது. கழிவு விகிதத்திலேயே (1.10-க்குள் இருக்கும் அந்த 10 சதவீதம்) வட்டி இருக்கிறது, வரவில் மறுபடி கை வைக்கக் கூடாது. தேய்மானமும் அப்படித்தான்: அது கையை விட்டுப் போகும் பணம் இல்லை, வரியைக் குறைப்பதோடு அதன் வேலை முடிந்தது.

திருமங்கலத்தில் அப்பா பெயரில் இடம் இருக்கிறது, அதனால் இடச்செலவு பூஜ்யம் என்று எழுதாதீர்கள். அதை மாதம் 15 ஆயிரத்துக்கு வாடகைக்கு விட முடியும் என்றால், வருடம் 1.8 லட்சம் திட்டத்தின் செலவு. ஏற்கெனவே கொடுத்து முடித்த ஆலோசகர் கட்டணத்தையோ சேர்க்கவே கூடாது. மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வாடகையை விட்டுவிட்டு, கட்டணத்தைச் சேர்க்கிறார்கள்.

ஐ.ஆர்.ஆர். (முதலீட்டுக்குத் திட்டமே தரும் வருட வருவாய் விகிதம்) அதிகமுள்ள திட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதும் தப்பு. 1 லட்சம் போட்டு ஒரு வருடத்தில் 1.5 லட்சம் எடுத்தால் 50 சதவீதம். 10 லட்சம் போட்டு அதே ஒரு வருடத்தில் 13 லட்சம் எடுத்தால் 30 சதவீதம்தான். ஆனால் 10 சதவீதக் கழிவில் முதலாவதன் என்.பி.வி. 36 ஆயிரம், இரண்டாவதன் என்.பி.வி. 1.82 லட்சம். ஒன்றைத்தான் செய்யலாம், 10 லட்சம் திரட்டவும் முடியும் என்றால் இரண்டாவதுதான்.

மானியத்தை முதல் நாள் வரவாகக் காட்டுவது இன்னொன்று. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே வைப்பாக இருந்து, தொழில் நடப்பதைச் சரிபார்த்த பிறகு கடனில் கழிக்கப்படும். அந்தப் பணத்தில் உளுந்து வாங்க முடியாது.

அப்புறம் கால அட்டவணை. கட்டடம் மூன்று மாதம், இயந்திரம் இரண்டு மாதம் என்று அழகாகப் பட்டை வரைந்திருப்பார்கள். மும்முனை மின் இணைப்பும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணையும் அதில் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டடத்துக்குக் கான்கிரீட் போடுவதும் அப்பளம் காயவைப்பதும் என்ன ஆகும் என்ற யோசனையும் இருக்காது. 20 லட்சம் கடன் 11 சதவீத வட்டியில் ஆறு மாதம் சும்மா கிடந்தால் 1.1 லட்சம் வட்டி. அட்டவணையில் எந்த வேலை தாமதித்தால் திறப்பு நாளே தள்ளிப்போகும் என்று பார்த்து, அந்த வேலைகளுக்கு மட்டும் விண்ணப்பத் தேதியையும், பொறுப்பாளர் யார் என்பதையும் எழுதுங்கள். தாமதத்துக்கான வட்டியைத் திட்டச் செலவிலேயே சேர்த்துக் காட்டுங்கள்.