கூபே ராடுக்கு பம்பர் தேர்ந்தெடுப்பது எப்படி

வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய காருக்குத்தான் ஹாட் ராட், சுருக்கமாக ராடு, என்று பெயர். அதைக் கட்டுகிறவர்கள் எஞ்சினைப் பற்றி ஆறு மாதம் பேசுவார்கள், சக்கரத்தைப் பற்றி மூன்று மாதம் பேசுவார்கள். பம்பர் ஞாபகம் மட்டும் பெயின்ட் காய்ந்த பிறகுதான் வரும். அந்த அவசரத்தில் கையில் கிடைத்ததை மாட்டிவிடுவார்கள். ஆனால் ஒரு கூபே (இரண்டு கதவுள்ள சின்னக் கார்) எந்தக் காலத்துப் பழக்கத்தில் கட்டியது என்பதைப் பார்த்தவுடன் காட்டிக்கொடுப்பது பம்பர்தான். அதனால் டயரும் உயரமும் முடிவான அன்றைக்கே, பெயின்டைத் தொடுவதற்கு முன்பே, பம்பரையும் முடிவு செய்துவிடுங்கள்.

எங்கள் பட்டறை அம்பத்தூரில் இருக்கிறது. அப்பா காலத்தில் லாரி பாடி கட்டினோம், இப்போது பழைய கார் வேலைதான் அதிகம். இதை எழுதும்போது எதிரில் நிற்பது ஒரு 1931 ஃபோர்டு மாடல் ஏ கூபே. காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றின் கொட்டகையில் பல வருஷம் கிடந்த வண்டி. உரிமையாளரான தம்பிக்கு அது தாத்தா வண்டி. நாற்பதுகளில் கலிபோர்னியாப் பையன்கள் கட்டிய மாதிரி வேண்டும், ஆனால் தாத்தா வண்டியில் ஒரு துண்டும் வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

முதல் கேள்வி, மட்கார்டு இருக்கப் போகிறதா இல்லையா என்பது. பாதி விடை அதிலேயே வந்துவிடும். முப்பதுகளில் கலிபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் போன்ற காய்ந்த ஏரிப் படுகைகளில் நேர்கோட்டில் வேகம் பார்க்கப் போனவர்கள், எடை குறையட்டும், காற்று தடுக்காமல் இருக்கட்டும் என்று மட்கார்டையும் பம்பரையும் சேர்த்தே கழற்றினார்கள். அந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்தத்தான் 1937-ல் தெற்கு கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது. மட்கார்டு இல்லாத ராடுக்கு அகலமான பம்பர் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இந்த வரலாறு மட்டும் இல்லை, அளவும் ஒரு காரணம். கம்பெனி பம்பர் மட்கார்டின் வெளி விளிம்புவரை எட்டுவதற்காகச் செய்தது. மட்கார்டை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் காவடி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு சேஸின் இரண்டு முனையையும் இணைக்கும் ஒரு ஸ்ப்ரெடர் பாரும், அதிலிருந்து வளைந்து வரும் சின்னக் குழாய் நெர்ஃப் பாரும் போதும். நெர்ஃப் பார் ஓவல் டிராக் பந்தய வண்டிகளிலிருந்து வந்தது. பக்கத்து வண்டியின் சக்கரம் தன் சக்கரத்தோடு சிக்கிக்கொள்ளாமல் தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. தெரு ராடில் அது டயரின் வெளிக்கோட்டைத் தாண்டாமல் இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும்.

மட்கார்டோடு நிற்கும் கூபேக்கு நேர் எதிர். பம்பர் இல்லாவிட்டால் முகம் முடியாமல் பாதியில் நிற்கிற மாதிரி இருக்கும். எங்கள் வண்டியில் மட்கார்டு இருக்கிறது. ஐப்பசி மழையில் சென்னைத் தெருவில் ஓட வேண்டிய வண்டிக்கு வேறு வழியும் இல்லை.

அடுத்தது வருஷம். மாடல் ஏ-வுக்கு முன்னால் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் எஃகுப் பட்டைகள் வரும். பின்னால் ஸ்டெப்னி தொங்குவதால் முழு பம்பர் கிடையாது, இரண்டு பக்கமும் தனித்தனி அரைத் துண்டுகள். 1932 ஃபோர்டுக்கு ஒற்றைப் பட்டை. 1933, 34-க்கு அந்தப் பட்டை நடுவில் ‘வி’ போலக் கீழே இறங்கும். ஒரு வருஷத்து வண்டிக்கு அதற்கு ஓரிரண்டு வருஷம் பிந்திய பம்பர் போடுவது அந்தக் காலத்துப் பையன்களே செய்ததுதான், தைரியமாகச் செய்யலாம். மாடல் ஏ-வில் 32-ன் ஒற்றைப் பட்டை எனக்கு மிகவும் பிடிக்கும், முகம் இலேசாகத் தெரியும். ஆனால் 1937 டிசோட்டோவின் வரிவரியான பம்பரை ஆசைப்பட்டுச் சின்னக் கூபேயில் ஏற்றாதீர்கள். அது அழகுக்காக மாற்றிக் கட்டிய, பெரிய உடம்புள்ள கஸ்டம் கார்களுக்கு அழகு சேர்த்த பொருள். அம்பாசடர் பம்பரும் அப்படித்தான். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் உருண்டை உடம்புக்கென்று வளைத்தது, தட்டையான மாடல் ஏ முகத்தில் அந்த வளைவு ஒட்டவே ஒட்டாது.

பின்பக்கத்தை அழகுக்காக மட்டும் முடிவு செய்யக் கூடாது. மாடல் ஏ-வில் பெட்ரோல் டேங்க் முன்னால், டேஷ்போர்டுக்கு மேலே இருக்கிறது. பெட்ரோல் தானாகவே கீழே இறங்கி கார்புரேட்டருக்கு வரும். 1932-ல் ஃபோர்டு அந்த டேங்கைப் பின்னால், சேஸின் இரண்டு முனைகளுக்கு நடுவில் கொண்டுபோனது. ஆக, மாடல் ஏ-வில் பின்பம்பரைக் கழற்றினால் இடிபடுவது தகடு. 32-ல் கழற்றினால் பின்னால் வரும் பஸ் முதலில் தொடுவது பெட்ரோல் டேங்க். கத்திப்பாராவில் பிரேக் அடித்து நிற்கும் வரிசையை நினைத்துப் பாருங்கள். 32 ராடு கட்டுகிறவர் யார் வந்தாலும், பின்னால் கெட்டியான நெர்ஃப் பார் இல்லாமல் வண்டியை வெளியே விட நான் சம்மதிப்பதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கிராஷ் கார்டு, புல் பார் பொருத்துவதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அதனால் முன்னால் தடித்த குழாய்க் கூண்டு வேண்டாம். 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய, சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம். தாத்தா வண்டிக்கு அந்த வாய்ப்பு கெடக் கூடாது என்பதால் எங்கள் பட்டறையில் ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: பம்பருக்காக சேஸில் ஒரு ஓட்டைகூடப் புதிதாகப் போடுவதில்லை, ஒரு வெல்டிங்கும் வைப்பதில்லை. கம்பெனி போட்ட ஓட்டையில் போல்ட்டில்தான் எல்லாம். கழற்றிய அசல் பட்டைகள் கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, தம்பியின் வீட்டுப் பரணில் இருக்கின்றன. வண்டியைப் பதிவு செய்யும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேராகப் போய்க் கேட்டுவிடுங்கள்.

சரி, எது பொருந்தும் என்று எப்படிப் பார்ப்பது? காசு செலவழிக்கும் முன் அட்டையில் செய்து பாருங்கள். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பட்டையாக வெட்டி, சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றி, பழைய சைக்கிள் டியூபால் சேஸ் முனையில் கட்டினோம். நெர்ஃப் பாருக்கு மின்சார வேலைக்கான பி.வி.சி. குழாய், அதே தாள். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், உள்ளே இரண்டு பேர் உட்கார வேண்டும். இல்லையென்றால் உயரம் பொய் சொல்லும். இருபது அடி தள்ளி, ஹெட்லைட் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, செல்போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். வண்ணத்தில் எடுத்தால் பளபளப்புதான் கண்ணை இழுக்கும். கறுப்பு வெள்ளையில் கோடு மட்டும் மிஞ்சும், பட்டை ஒரு அங்குலம் மேலே போயிருக்கிறதா கீழே வந்திருக்கிறதா என்பது தெரியும். எங்களுக்கு நான்கு நாள் ஆனது. முதல் நாள் எல்லோருக்கும் பிடித்திருந்த உயரத்தை நான்காம் நாள் ஒன்றரை அங்குலம் இறக்கினோம். அட்டை இருக்கும்போதே எஞ்சினைக் கையால் சுற்றும் கைப்பிடி உள்ளே போகிறதா, ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பினால் டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பொருள் தேடும் படலம். அமெரிக்காவில் புதிதாகச் செய்து விற்கும் மாடல் ஏ, 32 பட்டைகள் கிடைக்கும், ஆனால் கனமான எஃகு என்பதால் கொண்டுவரும் செலவு உறைக்கும். நான் முதலில் சென்னையின் பழைய வண்டிச் சாமான் சந்தையான புதுப்பேட்டைக்குத்தான் போவேன். ஃபோர்டு பட்டை கிடைக்கும் என்று சொல்லவில்லை, பட்டை செய்ய நல்ல எஃகு கிடைக்கும். எனக்குப் பழக்கமான பாய் ஒருவர் லாரி ஸ்பிரிங் பட்டைகளைத் தரம் பிரித்துச் சுவரோரம் சாத்தி வைத்திருப்பார். “எதுக்குண்ணே?” என்று கேட்பார். பம்பருக்கு என்றால், தானே ஒன்றை உருவி சிமென்ட் தரையில் ஒரு முனையை ஊன்றி ஸ்பானரால் தட்டுவார். நல்ல பட்டை கோயில் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் சட்டென்று செத்துவிடும். அப்புறம் நான் அரத்தால் ஓரத்தை ஒரு இழுப்பு இழுப்பேன். சாதா இரும்பை அரம் கடித்துக்கொண்டு போகும், ஸ்பிரிங் எஃகில் அவ்வளவு எளிதில் கடிக்காது. கடைசியாக இரண்டு முனையிலும் நூல் பிடித்து முறுக்கல் இருக்கிறதா என்று பார்ப்பேன். வளைவைத் திருத்திவிடலாம், முறுகிய பட்டையோடு மல்லுக்கட்டாதீர்கள்.

அதை ஸ்பிரிங் அடிக்கும் பட்டறையில் கொடுத்துக் காய்ச்சி வளைத்து, மறுபடி பதம் ஏற்றி வாங்குங்கள். ஓட்டைகளைப் பதம் ஏற்றும் முன்பே போட்டுவிட வேண்டும். ஸ்பிரிங் எஃகில் வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம். வெல்டிங் ஓரத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

நெர்ஃப் பாருக்கு ஒரு அங்குல சீம்லெஸ் குழாய். வளைக்கும் மிஷின் இல்லாதவர்கள் பழைய வழியில் செய்யலாம்: குழாய்க்குள் மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு முனையையும் மரக்கட்டையால் அடைத்து, சிவக்கக் காய்ச்சி, மெதுவாக வளைத்தால் வயிறு நசுங்காது. மணலை அதற்கு முன்பே இரும்புச் சட்டியில் வறுத்துவிடுங்கள். ஈரம் இருந்தால் ஆவி கிளம்பி, அடைப்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும்.

இனி நான் மிகவும் வலியுறுத்த நினைக்கும் விஷயம், பிராக்கெட். சில வருஷங்களுக்கு முன் வேறொரு வண்டிக்கு நெர்ஃப் பாரை ஸ்ப்ரெடரோடு சேர்த்து வெல்டிங் வைத்து, அசையாதபடி கெட்டியாகக் கட்டிக்கொடுத்தேன். கோயம்பேடு சிக்னலில் ஒரு ஆட்டோ பின்னால் மெதுவாகத்தான் தொட்டது. பாருக்குக் கீறல்கூட இல்லை, சேஸ் முனை அரை அங்குலம் உள்ளே போயிருந்தது. அந்த வண்டியைப் பிட்டின் மேல் நிறுத்தி டேப் பிடித்து அளந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. எண்பது வருஷம் நேராக இருந்த சேஸை என் பிராக்கெட் வளைத்துவிட்டது. அன்றிலிருந்து பிராக்கெட்டைச் சாதா இரும்புப் பட்டையில், சேஸைவிட மெலிதாக, ஒரு வளைவு கொடுத்துத்தான் செய்கிறேன். இடி வந்தால் முதலில் பிராக்கெட் மடங்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் வேறு செய்துவிடலாம். ஃபோர்டுக்காரர்கள் பட்டையை ஸ்பிரிங் எஃகில் செய்ததும் இதே யோசனையில்தான், இடித்தால் உள்வாங்கி மறுபடி வெளியே வரும்.

குரோம் வேலையில் அவசரப்பட வேண்டாம். நாம் பார்க்கும் பளபளப்பில் குரோமின் பங்கு மெல்லிய தோல்தான், ஒரு மைக்ரான்கூட இருக்காது. துருவைத் தடுப்பது அடியில் இருக்கும் நிக்கல், மேடுபள்ளத்தை நிரவுவது அதற்கும் அடியில் இருக்கும் செம்பு. ஒருமுறை ஒரு பிளேட்டிங் பட்டறை செம்பையே தவிர்த்து, நிக்கலையும் பெயருக்குக் காட்டிக் கொடுத்தது எனக்குத் தெரியவில்லை. வண்டி பெசன்ட் நகரில் கடலைப் பார்த்து நின்றது. ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் போட்டு, நகத்தால் கீறினால் வெங்காயத் தோலாய் உரிந்தது. அதனால் செம்புக் கட்டம் முடிந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்து, நேரில் போய்ப் பார்க்கிறேன். புதுச் செப்புக் குடத்தின் நிறத்தில் பட்டை தொங்கும்போது வெயிலில் சாய்த்துப் பாருங்கள். குரோம் ஆனபின் தெரியப்போகிற ஒவ்வொரு கீறலும் அப்போதே தெரியும். அந்த இடத்தில் மறுபடி பஃபிங் போடச் சொல்லலாம். நிக்கல் ஏறிவிட்டால் வாய்ப்பு போய்விடும்.

ஸ்பிரிங் எஃகு என்பதை பிளேட்டிங்காரரிடம் தவறாமல் சொல்லுங்கள். அமிலத்தில் ஊறும்போதும் முலாம் ஏறும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துகொள்ளும். பட்டை நன்றாகத்தான் தெரியும், மாட்டிச் சில நாள் கழித்து யாரும் தொடாமலே விரிசல் விட்டு முறியும். முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி சூட்டில் அடுப்பில் வைத்து எடுத்தால் அந்த வாயு வெளியேறிவிடும். அதற்கு அடுப்பு இல்லாத பட்டறையில் ஸ்பிரிங் பட்டையைக் கொடுக்காதீர்கள். சாதா இரும்பு நெர்ஃப் பாருக்கு இந்தக் கவலை இல்லை.

பம்பரின் முதுகுக்கும் மடிப்புக்குள்ளும் மின்சாரம் சரியாக எட்டாது, முலாம் அங்கே மெலிதாகத்தான் ஏறும். சென்னையில் துரு கிளம்புவதும் அங்கிருந்துதான். முதுகை லேசாக உரசி, எபாக்ஸி பிரைமர் அடித்து, மேலே அலுமினிய நிறப் பெயின்ட் கொடுங்கள். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் முன்னும் பின்னும் கழுவித் துணியால் துடைக்க வேண்டும்.

போல்ட்டுக்குத் தலை உருண்டையாக இருப்பதை வாங்குங்கள், பட்டையோடு சேர்ந்து மின்னும். ஸ்டெயின்லெஸ் என்றால் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவாமல் முடுக்காதீர்கள், இறுகிக் கடித்துக்கொள்ளும், அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். பட்டைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் துண்டு வையுங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். எங்கள் கூபேயில் இடதுபக்க நட்டு இரண்டுமே கால் சுற்று வாங்கின.