மேடைக்கு பிளகின் வாங்கும் முன்

யூடியூப் டெமோவில் ஒரு பியானோ பிளகின் (லேப்டாப்பில் ஓடி, கீபோர்டில் வாசிப்பதற்கு ஒலி தரும் மென்பொருள்) அருமையாகக் கேட்கிறதே என்று உடனே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். வீட்டில் ஹெட்போனில் இனிக்கும் அதே சத்தம், கல்யாண மண்டபத்தில் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும்.

முதலில் அளவைப் பாருங்கள். கீஸ்கேப் என்ற பிளகினை முழுதாக நிறுவச் சுமார் 77 ஜிபி வேண்டும். எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) இல்லாமல் வேலைக்காகாது. பியானோடெக் என்ற இன்னொரு பிளகின், முன்பே பதிவுசெய்த ஒலித்துண்டுகளை (சாம்பிள்) நம்பாமல் கணக்குப் போட்டே ஒலியை உண்டாக்குகிறது, அதனால் டிஸ்கில் இடம் மிகக் குறைவு. பிராசஸரைத்தான் வேலை வாங்கும். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் என்றால் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அப்புறம் லைசென்ஸ். நெட் இல்லாமல் திறக்குமா? ஒருமுறை மண்டபத்தில் சிக்னலே இல்லை. என் ஸ்ட்ரிங்ஸ் பிளகின் லாகின் கேட்டு அப்படியே நின்றுவிட்டது. அன்று முழுக்கக் கீபோர்டின் சொந்த ஸ்ட்ரிங்ஸை வைத்தே ஒப்பேற்றினேன். (யாரும் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.)

டிரையல் கிடைத்தால் பஃபரை (ஒலியை வெளியே அனுப்புமுன் லேப்டாப் சேர்த்து வைக்கும் அளவு) 128இல் வையுங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் தாமதம். சஸ்டெயின் பெடலை அழுத்தியபடி இரண்டு கையாலும் பெரிய கார்டுகளாகப் பத்து நிமிடம் வாசியுங்கள். சத்தம் படபடவென்று வெடித்தால் பஃபரை 256க்கு ஏற்றுங்கள். அப்போதும் வெடித்தால் அந்த பிளகின் உங்கள் லேப்டாப்புக்கு ஆகாது. பியானோவிலிருந்து ஸ்ட்ரிங்ஸுக்கு மாறும்போது, பிடித்திருக்கும் சுரம் பாதியில் அறுந்துபோகிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.